ஒத்தை ராஜாவும் அரைப் புள்ளியும்

மண்டபத்தில் பன்னிரண்டு மின்விசிறிகள் இருந்தன. சுற்றியவை ஏழு. ஆட்டம் தொடங்கும் முன் எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால்தான் எனக்குப் பலகையில் கண் நிலைக்கும். விசிறியை எண்ணி முடித்து, சன்னல் வழியே தெரிந்த சுண்ணாம்பு மலையில் கல் உடைத்த வெள்ளைத் தழும்புகளை எண்ணத் தொடங்கினேன். அதற்குள் எதிர் நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டது.

"வணக்கம்கா. நான் சரோஜா. சித்தியவான்லேர்ந்து வாரேன்."

"வணக்கம்கா. நான் பாக்கியம். இங்கதான், குனோங் ராபாட்."

இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இருவருமே மற்றவரை அக்கா என்றோம். மூத்தவள் பட்டத்தை வாங்கிக்கொள்ள இரண்டு பேரும் தயாராக இல்லை.

போன வருஷக் கடைசி, மழை மாதம். ஈப்போவில் மூத்தோர் சதுரங்கப் போட்டி, பெண்கள் பிரிவு, கடைசிச் சுற்று. முதல் மூன்று இடங்களில் வருகிறவர்கள் பேராக் மாநில அணியில் சேர்ந்து வெளியூர் போவார்கள். நான்காவதாக வருகிறவர் மாற்று ஆள். யாருக்காவது முடியாமல் போனால் மட்டும் அவருக்கு அழைப்பு வரும்.

முதல் இரண்டு இடங்களையும் இரண்டு சீன அம்மாக்கள் காலையிலேயே கையில் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் ஒன்று. அதற்கு நாங்கள் இரண்டு பேர். சரோஜாவுக்கு என்னைவிட அரைப் புள்ளி அதிகம். ஆட்டம் சமமானால் இடம் அவருக்கு. நான் ஜெயித்தால் எனக்கு.

எனக்கு அந்த இடம் வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது? முதுகில் பேராக் என்று எழுதிய சட்டை வேண்டும். இருபத்தைந்து வயதிலிருந்து ஆசை. ஒரு வருஷம் பிள்ளை வயிற்றில், ஒரு வருஷம் நைட் ஷிப்ட், ஒரு வருஷம் மாமியாருக்கு ஆஸ்பத்திரி. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். இப்போது பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். வேலையும் ஓய்ந்துவிட்டது. எங்கள் வரிசையில் எதிர்வீட்டு மலாய்க்காரி முதல் மூலைவீட்டு டீச்சர் வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

வந்த வேகத்தில் திரும்பிய மந்திரி

எனக்கு வெள்ளைக் காய். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். சரோஜா குதிரையை வெளியே எடுத்தார். நான் அடுத்த சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளினேன். அவர் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். நான் குதிரையை எடுத்தேன்.

இதுவரை விசேஷம் ஒன்றும் இல்லை. அடுத்து அவர் குறுக்கே ஓடும் மந்திரியை நீளமாக இழுத்து என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். என் ராஜாவுக்குச் செக். நான் என் மந்திரியைக் குறுக்கே நிறுத்தி மறைத்தேன். மறைத்த மந்திரியை அவர் வெட்டலாம், விட்டுப் பிடிக்கலாம், எத்தனையோ செய்யலாம். அவரோ வந்த மந்திரியைத் தூக்கித் தன் ராஜாவின் காலடியிலேயே திரும்ப வைத்துவிட்டார். செக் வைத்தது மட்டும்தான் மிச்சம். ஒரு நகர்த்தல் வீண்.

நான் பலகையிலிருந்து தலையைத் தூக்கினேன்.

புத்தகத்தில் இந்தத் தொடக்கத்துக்கு இந்தியன் என்று முடிகிற ஒரு பெயர் இருக்கிறது. மந்திரி போய்விட்டுத் திரும்புவதைப் பெரிய ஆட்டக்காரர்களும் செய்வார்களாம், அதற்கு ஆழமான காரணமும் உண்டாம். ஆனால் சரோஜா அந்தக் காயை வைத்த விதம் புத்தகம் படித்த கையின் விதம் இல்லை. நங்கென்று வைத்து, கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு எடுத்தார். எனக்கு அந்த அழுத்து தெரியும்.

இன்னும் மூன்று நகர்த்தல் தாண்டியதும் நானும் அதையேதான் செய்தேன். ராணியை இடது ஓரத்துக்கு இழுத்து ஒரு செக். அவர் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி மறைத்தார். நான் ராணியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். என் நகர்த்தலும் வீண்.

இப்போது அவர் தலையைத் தூக்கினார். ஆட்டம் நடக்கும்போது எதிராளியோடு பேசக் கூடாது என்பது சட்டம். நாங்கள் பேசவில்லை. அவர் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்து, இருமுவதுபோல் நடித்தேன்.

காலை ஒடிக்கிற செக்

சதுரங்கம் தெரியாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பருப்பு வேகும் நேரத்தில் சொல்லி முடித்துவிடுவேன்.

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ஆடிய சதுரங்கத்துக்குச் சட்டமே வேறு. ஊரிலிருந்து கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்த சட்டம். சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நடக்கும். ராஜாவைக் கோட்டைக்குள் வைக்கிற வேலை கிடையாது. அதற்குப் பதிலாக ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. ஆட்டத்தில் ஒரே ஒரு முறை அவர் குதிரை மாதிரி தாண்டலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு செக் பட்டுவிட்டால் அந்தச் சலுகை போச்சு. ராஜாவின் காலை ஒடிப்பது என்று அதற்குப் பெயர்.

அதனால் தோட்டத்து ஆட்டத்தில் முதல் வேலை எப்படியாவது ஒரு செக் வைத்துவிடுவது. உருப்படாத செக்காக இருந்தாலும் சரி. காலை ஒடித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

பட்டணத்துச் சட்டத்தில் ராஜாவுக்குத் தாண்டல் இல்லை. ஒடிக்கக் காலும் இல்லை. எனக்கு இது நாற்பது வருஷமாகத் தெரியும். இருந்தாலும் பத்து நகர்த்தலுக்குள் ஒரு செக் வைக்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் யோசிக்கிற மாதிரி ஓர் அரிப்பு. என் மகள் போனில் என் ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்பாள். அந்தச் செக் வரும் இடத்தில் போன் தவறாமல் வீண் நகர்த்தல் என்று மஞ்சள் குறி காட்டும். "அம்மா, இது எதுக்கும்மா?" என்பாள். "அது அப்படித்தான்டி" என்பேன்.

அந்த அரிப்பு உள்ள இன்னோர் ஆளை நான் வெளியே எங்கும் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். பேராக்கின் மறு கோடியில் வேறொரு தோட்டத்தில் வேறு யாரோ வேறு யாருடனோ ஆடிப் பழகிய கை. அது என் எதிரே உட்கார்ந்து என் ராஜாவின் காலை ஒடித்துக்கொண்டிருந்தது.

டார்ச் பேட்டரி யானை

எங்கள் வீட்டில் சதுரங்கம் ஆடியது அப்பா இல்லை. அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. ஆடியவர் அம்மா. அவருக்கு ஜோடி பக்கத்து வீட்டுப் பெருமாயி அத்தை. காலையில் பால் மரம் வெட்டி, பாலைக் கொண்டுபோய் ஊற்றி, வீடு வந்து குளித்துச் சமைத்து முடித்தால் பிற்பகலில் இரண்டு பேருக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கும். சிமெண்டுத் தரையில் கரியால் கட்டம் போட்டிருக்கும். காய்களில் பாதி கடையில் வாங்கியவை. காணாமல் போன யானைக்குப் பதில் தீர்ந்துபோன டார்ச் பேட்டரி ஒன்று மூலையில் நிற்கும்.

இதைச் சொல்லும்போது கண்கலங்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. வரிசையாகக் கட்டிய அந்த லயத்து வீட்டில் கூரை ஒழுகியது, தண்ணீருக்குச் சண்டை நடந்தது, அம்மாவின் முதுகு நாற்பது வயதிலேயே வளைந்தது. அந்தத் தோட்டத்தை விட்டு வந்ததில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. இப்போது அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனை. இருக்கட்டும்.

ஆனால் ஆட்டம் நல்ல ஆட்டம். அம்மா ஆடும்போது வாய் நிற்காது. பெருமாயி அத்தை தோற்கப் போனால் பலகையைத் தட்டிவிடுகிற ரகம். தரையில் போட்ட கட்டத்தைத் தட்ட முடியாதாகையால் காய்களை முந்தானையால் வாரிவிடுவார். மறுநாள் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஒத்தை ராஜா. எதிராளியின் காய் எல்லாவற்றையும் வெட்டி, ராஜா மட்டும் தனியாக நின்றால் ஆட்டம் சமம். ஜெயிப்பு கிடையாது. ஜெயிக்க வேண்டுமானால் ஒரு சிப்பாயையாவது ராஜாவுக்குத் துணையாக விட்டுவைத்து ஜெயிக்க வேண்டும். ஆகவே ஜெயிக்கிற ஆள் அந்தக் கடைசிச் சிப்பாயைக் கோழிக்குஞ்சு மாதிரி பொத்திப் பொத்திக் காப்பாற்றுவார்.

ஒரு நாள் நான் அவசரத்தில் அத்தையின் கடைசிச் சிப்பாயை வெட்டிவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்தே பார்த்துவிட்டார்.

"ஏன்டி, அவ தனியா நிக்கிறா. தனியா நிக்கிறவள அடிச்சுட்டு நீ என்னா ஜெயிச்சேன்னு சொல்லுவ?"

அத்தை சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கை குலுக்குவது வெள்ளைக்கார மானேஜரைப் பார்த்து அவர்கள் பழகிக்கொண்டது. ஒத்தை ராஜா வந்தால் கை நீட்டணும், மற்றவர் பிடிக்கணும், சமம் என்று இரண்டு பேரும் சொல்லணும். அவ்வளவுதான் ஆட்டம்.

தாண்டிய ராஜா

இருபத்திரண்டு வயதில் ஈப்போ பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். தரச் சோதனைப் பிரிவு. விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னத் தகடுகளில் குறை கண்டுபிடிக்கிற வேலை. முப்பது வருஷம் குறை கண்டுபிடித்தால் புத்தி எப்படி ஆகும் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வார்.

சேர்ந்த புதிதில் தொழிற்சாலை விளையாட்டு விழா வந்தது. சதுரங்கத்துக்குப் பெயர் கொடுத்தேன். எதிரே கணக்குப் பிரிவிலிருந்து ஒரு சீனப் பெண். நன்றாகத்தான் ஆடினேன். நெருக்கடி வந்தபோது, செக் படாத என் ராஜாவைத் தூக்கி அழகாக ஒரு தாண்டு தாண்டவைத்தேன்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். யாரோ, "ராஜாவா குதிரையா?" என்று மலாயில் கேட்க, கூட்டம் சிரித்தது. நடுவர் வந்து, ராஜாவைத் தொட்டதால் ராஜாவைத்தான் நகர்த்தியாக வேண்டும், ஒரே கட்டம் என்றார். நகர்த்தினேன். அடுத்த நகர்த்தலில் மேட்.

"எங்க கத்துக்கிட்டே இத?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். "யாரும் சொல்லித் தரல, நானா ஆடுனது" என்றேன். அந்த வெட்கம் பல நாள் என் காதில் சூடாக இருந்தது.

அடுத்த மாதச் சம்பளத்தில் ஒரு விதிப் புத்தகம் வாங்கினேன். வரி வரியாகப் படித்தேன். அதற்குப் பிறகு என்னைப்போல் சட்டம் பேசுகிறவள் ஈப்போவிலேயே கிடையாது. தொட்ட காயை நகர்த்தாதவர், காயை ஒரு கையால் நகர்த்திக் கடிகாரத்தை வேறு கையால் அடித்தவர், யாரையும் விட்டதில்லை. கோயில் கமிட்டிக் கூட்டத்தில்கூட, தீர்மானத்தை முன்மொழிந்தவரே வழிமொழியக் கூடாது என்று எழுந்து நிற்பேன். என் வீட்டுக்காரர் ராமையா லாரி ஓட்டியவர், சாந்தமான மனிதர். "உனக்கு வீட்லயும் அம்பயர் வேலதான்" என்பார்.

இப்படிப்பட்ட நான்தான் அன்று சரோஜாவின் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

கை நீட்டியவர்

நடு ஆட்டத்தை விவரிக்கப் போவதில்லை. எனக்கே சலிப்பாக இருக்கும். ஒரு குதிரைக்கு ஒரு குதிரை, ராணிக்கு ராணி என்று எல்லாம் கழிந்தன. சரோஜா நிதானமாக ஆடினார். ஒரு யானையை நான் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய்விட்டேன், அவர் சற்றுத் தாமதமாகக் கவனித்தார். அங்கேதான் ஆட்டம் என் பக்கம் சாய்ந்தது.

கடைசியில் எனக்கு ராஜாவும் ஒரு யானையும். அவருக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் ராணியாக இன்னும் இரண்டே கட்டம். கடிகாரத்தில் எனக்கு நான்கு நிமிஷம் இருந்தது. யானையையும் ராஜாவையும் வைத்துத் தனி ராஜாவை மேட் செய்ய எனக்கு ஒன்றரை நிமிஷம் போதும். தூக்கத்திலும் செய்வேன்.

சிப்பாயை வெட்டினேன்.

வெட்டிக் காயை மேசையில் வைத்த அந்த நொடியில், அடச்சே, கடைசிச் சிப்பாயை வெட்டிட்டேனே, யானையை முன்னால் நிறுத்தித் தடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. சத்தியமாக அதுதான் முதலில் தோன்றியது. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவில்லை.

எதிரே சரோஜா மூச்சை விட்டார். முகம் தெளிந்தது.

"ஒத்த ராஜா" என்று மெதுவாகச் சொல்லிக் கையை நீட்டினார்.

என் கை போயிற்று. பிடித்துக் குலுக்கினேன்.

"சமம்கா" என்றேன்.

"சமம்" என்றார்.

கடிகாரத்தை நிறுத்தினோம். இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவில் வைத்தோம். சமமான ஆட்டத்துக்கு அதுதான் அடையாளம். முடிவுச் சீட்டு என் பக்கம் இருந்தது. ஆளுக்கு அரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். காய்களைத் திரும்ப அடுக்கினோம். அடுக்கும்போது அவர், "எந்த எஸ்டேட்கா?" என்றார். நான் சொன்னேன். அவர் தன்னுடையதைச் சொன்னார். இரண்டும் இப்போது இல்லை.

சீட்டை நடுவர் மேசைக்கு எடுத்துப்போனேன். முக்காடு போட்ட இளம் மலாய்ப் பெண். "மக்சிக், சியாப்பா மெனாங்?" என்றது, அத்தை, யார் ஜெயித்தது என்று.

"டிரா" என்றேன்.

அது கணினியில் தட்டியது. அவ்வளவுதான்.

சுவரில் ஒட்டிய பட்டியல்

கால் மணி நேரத்தில் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். மூன்றாவது சரோஜா. நான்காவது நான். மாற்று ஆள்.

சாப்பிட வாங்கிய மீகூன் தட்டோடு நான் நின்றுகொண்டிருந்தபோது சரோஜா வேகமாக வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, தப்பு நடந்துபோச்சுக்கா. ஒத்த ராஜான்னு இங்க சட்டமே இல்லையே. நீங்க ஜெயிச்ச ஆட்டம் லா அது. எனக்குப் பைத்தியம், கைய நீட்டிட்டேன். வாங்க, போயி சொல்லுவோம்."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். தலைமை நடுவர் வயதான சீனர். சரோஜா மலாயில் மூச்சு விடாமல் விளக்கினார். அவர் எங்கள் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். இரண்டு கையெழுத்தையும் விரலால் தட்டிக் காட்டினார்.

"சுடா சைன், ஆன்ட்டி. ஹாபிஸ் லா." கையெழுத்துப் போட்டாயிற்று, முடிந்தது.

சட்டப்படி அவர் சொன்னதுதான் சரி. இரண்டு பேரும் சமம் என்று கையெழுத்துப் போட்ட பிறகு முடிவை மாற்ற முடியாது. இருந்தாலும் சரோஜா விடாமல் வாதாடினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "விடுங்கக்கா, போகட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

ராமையா தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும், "என்னா இது? கோயில்ல டீ ஆறிப்போச்சுன்னு அரை மணி நேரம் சண்ட போட்டவ நீ. இதுக்கு வாயே தொறக்கல?" என்றார்.

"பழக்க தோஷம்ங்க. கை தானா போயிருச்சு."

"அந்தம்மா உன்ன ஏமாத்திட்டா லா."

"சும்மா இருங்க. கார எடுத்துட்டு வாங்க."

மழை பிடித்துக்கொண்டது. வாசல் படியில் நானும் சரோஜாவும் காத்திருந்தோம். எனக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. அவர்மேல், என்மேல், சுவரில் இருந்த பட்டியல்மேல். எதிர்வீட்டுக்காரி இன்றைக்கே கேட்பாள். என்ன சொல்வேன்?

சரோஜா தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அக்கா, ஒரு உண்ம சொல்லவா? கைய நீட்டுறப்போ எனக்கு ஒன்னும் தெரியாது. நீங்க கையெழுத்துப் போடுறப்போ எனக்குச் சுருக்குன்னு உறைச்சிருச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். பேராக்னு எழுதுன சட்ட மேல ஆசை லா. வாயப் பொத்திக்கிட்டேன். லிஸ்ட்ல பேரப் பாத்ததும்தான் மனசு கேக்கல."

நான் கார் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"நீங்ககூட போடுறதுக்கு முன்னால பேனாவக் கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சுக்கிட்டு இருந்தீங்களே. என்னாக்கா?"

"மை வரல" என்றேன்.

"ம்" என்றார். கார் வந்துவிட்டது.

போன வாரம் வந்த போன்

அதற்குப் பிறகு நாங்கள் சினேகிதிகள் ஆகிவிட்டோம் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி இல்லை. சரோஜா பொங்கலுக்கும் சித்திரை வருஷப் பிறப்புக்கும் வாட்சப்பில் பூப் படம் அனுப்பினார். நான் கைகூப்பும் படம் அனுப்பினேன். மாநில அணிக்குச் சட்டை அளவெடுத்த செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன.

போன வாரம் போன் செய்தார். அணி அடுத்த மாதம் புறப்படுகிறது.

"அக்கா, நான் பேர எடுத்துரலாம்னு இருக்கேன். முட்டி வலின்னு சொல்லிருவேன். மாத்து ஆளு நீங்கதானே? நீங்க போங்க."

"எதுக்குக்கா?"

"தூக்கம் வரலக்கா. சட்ட வந்துருச்சு, அலமாரியில வெச்சிருக்கேன். ஒரு வாட்டி போட்டுப் பாத்தேன். அடுத்தவ துணியப் போட்ட மாதிரி இருக்கு. அது உங்களோட இடம். நான் எடுத்துக்கிட்டேன்."

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்கா" என்று வைத்துவிட்டேன்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று ராமையா கேட்டார். சரி என்று ஒரு சொல். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலான ஆசை. சரோஜாவே மனசார விட்டுக்கொடுக்கிறார். நான் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. மறுநாள் நான் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், நான் வாராவாரம் எழுதும் ஞாயிறு பத்திரிகையின் ஆசிரியர் இந்த வாரத்துக் கட்டுரை எங்கே என்று கேட்டார்.

நான் எல்லாரிடமும் சொன்னது, பழக்க தோஷம், கை தானாகப் போய்விட்டது என்று. கை குலுக்கியது வரைக்கும் அது உண்மை. சீட்டு என் முன்னால் இருந்தது. பேனாவை எடுத்தேன். எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஜெயித்திருக்கிறேன், மூன்றாவது இடம் எனது, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நன்றாகத் தெரிந்துவிட்டது. நடுவரைக் கூப்பிடக் கையைத் தூக்குவது எனக்கு ஒரு பெரிய விஷயமா?

ஆனால் அந்த மேசையில் நாங்கள் இரண்டு ஆட்டம் ஆடியிருந்தோம். ஒன்றில் நான் ஜெயித்தேன். இன்னொன்றில் சமம். அந்த இரண்டாவது ஆட்டம் தெரிந்த ஓர் ஆளோடு நான் உட்கார்ந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அது முதல் செக்கிலிருந்து கடைசிக் கை குலுக்கல் வரை ஒரு குறையும் இல்லாமல் நடந்து முடிந்திருந்தது. சீட்டில் கட்டம் ஒன்றுதான் இருந்தது. எந்த ஆட்டத்தின் முடிவை எழுதுவது என்று யோசித்தேன். அரை என்று எழுதினேன். எழுதிய கையோடு வயிறு எரியத் தொடங்கியது, அதுவும் உண்மை. சட்டை வேண்டும் என்ற ஆசை இன்றைக்கும் போகவில்லை.

அதற்கு மேல் நான் செய்ததுதான் தப்பு. சரோஜா மழையில் நின்று தன் மனசைத் திறந்து சொன்னார். நான் என்னுடையதைச் சொல்லவில்லை. என் பெருமை எனக்குள் இருக்கட்டும், அவர் கொஞ்சம் வருந்தட்டும் என்று விட்டுவிட்டேன். இத்தனை மாதமாக அவர் திருடாத ஒன்றைத் திருடிவிட்டதாக நினைத்துத் தூங்காமல் கிடக்கிறார்.

சரோஜாக்கா, இந்தப் பத்திரிகை சித்தியவானுக்கு ஞாயிறு காலையிலேயே வந்துவிடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்கள் இதைப் படிப்பீர்கள். முட்டி வலி என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். அலமாரியைத் திறந்து சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் சட்டை, நான் கொடுத்தது. அந்தப் பேனாவில் மை நன்றாகத்தான் வந்தது.